கடைசி ஸ்டாப்புக்கு அப்பால்

என் அக்கா நெல்பாவுக்கு அறுபத்தேழு வயது. அவளுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. ஒரே ஒரு ஊரைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊர் லா பலோமா. நல்ல ஊர்தான். கடல் உண்டு, கலங்கரை விளக்கம் உண்டு, ஜனவரிக் கோடை பிறந்தால் எங்கள் தலைநகரம் மோந்தெவிதியோவில் பாதி அங்கேதான் மல்லாந்து கிடக்கும். ஊரின்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் கண்டக்டராக இருந்த பஸ் அங்கேதான் திரும்பும், அவ்வளவுதான்.

இருபத்துநாலு வருடம் அந்தத் தடத்தில் போய் வந்தாள். டிரைவர் வேறு யாருமில்லை, அவள் புருஷன் வில்மார்தான். காலையில் தலைநகரத்தில் கிளம்புவார்கள், மதியம் லா பலோமா, ஆளுக்கொரு பொரித்த இறைச்சி வைத்த மிலனேசா ரொட்டியைத் தின்றுவிட்டு அப்படியே திரும்புவார்கள். அதற்கு அப்பாலும் கடற்கரை பிரேசில் எல்லை வரைக்கும் போகிறது. "அங்க என்னதான் இருக்கு?" என்று அக்கா கேட்பாள். "அடுத்த வருஷம் லீவு போட்டுப் போலாம்" என்பார் அத்தான். செக்குமாடாவது ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்து விடப்படும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

இவர்கள் சேர்ந்த கதையும் ஒரு கடைசி ஸ்டாப்பில்தான் ஆரம்பித்தது. அக்காவுக்கு அப்போது இருபத்தோரு வயது, கம்பளி மில்லில் வேலை. அத்தான் நகரத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் பஸ் கடைசி ஸ்டாப்புக்குப் போய் நின்றது, எல்லோரும் இறங்கிவிட்டார்கள், இவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். "கடைசி ஸ்டாப்புங்க, இறங்குங்க" என்றார் அத்தான். "எனக்கு இறங்க மனசில்ல" என்றாள் இவள். எங்கள் அப்பா காதில் இது விழுந்திருந்தால் காலை ஒடித்திருப்பார். அடுத்த வருடம் கல்யாணம் ஆனது, அதற்கடுத்த வருடம் இவளும் கண்டக்டர் வேலைக்குப் பரீட்சை எழுதி அந்த பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டாள். லா பலோமா தடம் பல வருடம் கழித்துத்தான் இவர்களுக்குக் கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஐம்பது தாண்டியபோது, இனிமேல் டிரைவரே டிக்கெட்டும் கொடுப்பார் என்று கம்பெனி முடிவு செய்தது. கண்டக்டர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இருபத்தாறு பேரில் அக்காதான் முதலாவதாக வந்தாள். அவளுக்கென்று தனி பஸ் தருவதாகச் சொன்னார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டில் அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு ஒரு வண்டி, எனக்கு ஒரு வண்டின்னா நாம எப்படி ஒருத்தர ஒருத்தர் பாக்கறது?" என்று கேட்டார். அவள் அந்த பஸ்ஸை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கடைசி வரை கண்டக்டர் வைத்து ஓடிய ஒன்றிரண்டு தடங்களில் இவர்களுடையதும் ஒன்று. நான் அத்தானோடு எட்டு மாதம் பேசவில்லை. அக்கா அவரோடு சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றபின் அத்தான் ஒரு பழைய கோம்பி வேனை வாங்கினார். மலர்வளையம் கட்டிக் கொண்டுபோகும் ஒரு பூக்காரரின் வண்டி. எத்தனை கழுவியும் கார்னேஷன் வாசம் போகவில்லை. உள்ளே மடக்குக் கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், தண்ணீர்த் தொட்டி வைத்தார். திரைச்சீலைகள் நான் தைத்தேன், மஞ்சளில் நீலக் கோடு. எல்லாம் முடிந்தபிறகு பழைய பஸ் உடைக்கும் இடத்துக்குப் போய் ஒரு கைப்பிடிக் கம்பியை வாங்கிவந்து, உள்கூரையில் முன்னும் பின்னுமாகப் பொருத்தினார்.

"வீட்டுக்குள்ள எதுக்குய்யா கம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"நீ தட்டாம எனக்கு வண்டி எடுக்க வராதுடி."

அக்காவிடம் ஒரு செல்லாக்காசு இருந்தது. எந்த அரசாங்கம் அடித்ததோ, இரண்டு தடவை பணம் மாறிவிட்டது. அதைக் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டு தட்டினால் போகலாம். இருபத்துநாலு வருடம் அத்தான் காதுக்கு வேறு சங்கீதம் தேவைப்படவில்லை.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினார்கள். விடுமுறைக் கூட்டம் வடிந்து, கடல் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் நாட்கள். லா பலோமாவைத் தாண்டி, எல்லையோரம் இருக்கும் பார்ரா தெல் சுயி வரை போவதாகப் பேச்சு. இந்தத் தடவை சத்தியம் வாங்கியிருந்தாள் அக்கா. கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னிடம், "சுல்மா, செடிக்குத் தண்ணி ஊத்து. நான் எல்லையத் தொட்டுட்டுத்தான் வருவேன்" என்று கத்தினாள். தெருவே கேட்டது. கம்பியில் இரண்டு தட்டு விழுந்தது, வண்டி போனது.

இனி நான் சொல்வது அக்கா சொன்னது. அத்தான் சொன்னதும் கொஞ்சம் உண்டு, ஆனால் அவர் தன் பங்கைச் சுருக்கிச் சொல்வார், அதனால் அக்காவைத்தான் நம்புகிறேன்.

முதல் முப்பது கிலோமீட்டர் அக்காவுக்குச் சொர்க்கம். பஸ்ஸில் அவள் பார்த்ததெல்லாம் அத்தானின் பிடரிதான். இப்போதுதான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறாள். மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் எங்கள் ஊர் டீயான மாத்தேக் குடுவை. பச்சை இலையின்மேல் வெந்நீரை ஊற்றி, உறிஞ்சுகுழலை அவர் பக்கம் திருப்பி நீட்டுவாள். அவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஓட்டுகிறவருக்கு ஊற்றிக் கொடுப்பது பக்கத்தில் இருப்பவர் கடமை, அதை ஒழுங்காகச் செய்யாதவர்களோடு யாரும் ஊருக்குப் போகமாட்டார்கள்.

பிறகு ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. அத்தான் வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, நின்றார். யாரும் இல்லை. ஒரு நொடி காத்திருந்துவிட்டு எடுத்தார்.

அக்கா சிரித்தாள். "யோவ், இது நம்ம வீடு. பஸ் இல்ல."

"கால் தானா போகுதுடி."

அடுத்த ஸ்டாப்பிலும் நின்றார். அதற்கடுத்ததிலும். அக்கா ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரித்தாள். கடலோரமாகப் போகும் சாலையில் புதிதாகக் கட்டிய ஒரு வட்டப் பாலம் இருக்கிறது, வளையல் மாதிரி. அதில் சுற்றிப் போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. "பாலம்னா நேரா போகணும். வட்டமா போறதுக்குப் பேரு ராட்டினம்" என்று சொல்லி, அத்தான் பழைய பஸ் தடத்திலேயே, ஒன்பதாம் நம்பர் சாலையிலேயே போனார். அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அதற்குள் இன்னொரு ஸ்டாப் வந்துவிட்டது.

இங்கே நிஜமாகவே ஆள் இருந்தது. வெள்ளை அங்கி போட்ட ஒரு சின்ன டீச்சரம்மா, கிராமத்துப் பள்ளிக்குப் போக வண்டிக்குக் கை காட்டிக்கொண்டு நின்றாள். வேன் நின்றதும் ஏறினாள். பழக்க தோஷம் யாரை விட்டது? அக்கா எழுந்து நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால இடம் இருக்கு! எந்த ஊரு? சில்லறையா குடுங்க" என்றுவிட்டாள். அந்தப் பெண் பயந்துபோய்ப் பர்ஸைத் திறந்தாள். அத்தான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு டீச்சரம்மா கட்டிலில் உட்கார்ந்து, அக்கா கொடுத்த பிஸ்கோத்தைத் தின்றுகொண்டே பள்ளி வரை போனாள். மொத்தம் ஏழு பிள்ளைகளாம் அந்தப் பள்ளியில், ஏழும் சண்டைக்காரர்களாம்.

ரோச்சா ஊரிலிருந்து சாலை கடல் பக்கம் திரும்பியதும் அத்தானின் பேச்சு மாறியது.

"நெல்பா, லா பலோமாவோட நிறுத்திக்கலாமா? எஞ்சின் சூடாகுது."

"சூடாகல. நான் முள்ளப் பாத்துட்டேன்."

"முதுகு வலிக்குது."

"முதுகு வலிச்சா படு. வண்டியிலயே கட்டில் இருக்கு."

"அப்பால ஒண்ணும் இல்லடி. இதே தண்ணி, இதே மணல்."

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. நாற்பத்தைந்து வருடத்தில் ஒரே ஒரு சத்தியம் வாங்கினாள், அதற்கும் எஞ்சின், முதுகு என்று சாக்கு. ஃபிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகிக் காலடியில் வைத்துவிட்டாள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சண்டை கிடையாது. அத்தான் கையை நீட்டினார், குடுவை வரவில்லை. வெறுங்கையை மடக்கிக்கொண்டு ஓட்டினார்.

லா பலோமாவுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் ஒரு ஸ்டாப். ஒரே ஒரு கம்பம், பக்கத்தில் பனைமரங்கள். வண்டி நின்றது. அத்தான் ஜன்னலை இறக்கி, "வாங்க பெரியவரே, ஏறுங்க. லா பலோமாதானே?" என்றார். பதில் இல்லை. "காது கேக்கல போல" என்று முணுமுணுத்து, அவரே இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய், "கையக் குடுங்க, பாத்து" என்று கையைப் பிடித்தார்.

அது மழைக்கோட்டு. யாரோ காயப்போட்ட மஞ்சள் மழைக்கோட்டு, கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தான் கையில் இருந்தது வெறும் கோட்டுக்கை.

அக்கா முதலில் சிரிக்க வாயெடுத்தாள். அவர் அந்தக் கையை விடாமல் அப்படியே நிற்பதைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. காலையிலிருந்து நின்ற ஸ்டாப் ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆள் நிற்கிறதா இல்லையா என்று தெரியாததால்தான் எல்லா ஸ்டாப்பிலும் நின்றிருக்கிறார். புதுப் பாலம் அவருக்குப் பழக்கமில்லை, அதனால்தான் பழைய தடம்.

இறங்கிப் போய் அவர் முகத்துக்கு முன்னால் நின்றாள். "எத்தன விரல்?"

"விடு நெல்பா."

"எத்தன விரல்னு கேட்டேன்."

அவர் கோட்டுக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"எத்தன நாளா?"

"போன குளிர்லேருந்து. பனி விழுந்த மாதிரி இருக்கு. அடுத்த மாசம் லைசென்ஸுக்குக் கண்ணு டெஸ்ட். அதுக்குள்ள உன்னக் கூட்டிட்டு வந்துடணும்னு பாத்தேன். லா பலோமா வரைக்கும் எனக்குக் கண்ணே வேணாம். எந்த வளைவு, எந்தப் பள்ளம், எல்லாம் கால்ல இருக்கு. அதுக்கு அப்பால எனக்கு ரோடு தெரியாதுடி."

அக்கா கத்தினாள். அவள் கத்தி நானே கேட்டதில்லை. "அந்த டீச்சர் புள்ள கட்டில்ல உக்காந்து பிஸ்கோத்து தின்னுக்கிட்டு வந்துச்சே, அதுக்கு ஒண்ணு ஆகியிருந்தா? ரோட்டுல ஒரு கொழந்த ஓடி வந்திருந்தா? அறிவிருக்கா உனக்கு? மனுஷனா நீ?" மழைக்கோட்டைப் பிடுங்கி அதாலேயே இரண்டு அடி அடித்தாள். என்னைக் கேட்டால் ஃபிளாஸ்க்கால் அடித்திருக்க வேண்டும். கண் போனாலும் இந்த ஆண்பிள்ளைகளுக்கு வீம்பு போகாது.

அத்தான் அடியை வாங்கிக்கொண்டு நின்றார். அழுதார் என்று அக்கா சொல்கிறாள், தூசி என்று அவர் சொல்கிறார்.

"தப்புதான். பெரிய தப்பு" என்றார்.

"நான் ஓட்டுவேன்ல? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்ன ஓட்டச் சொல்றது? அன்னிக்கு உன் பஸ்ஸ உன்ன வேணாம்னு சொல்ல வச்சவனே நான்தானே."

பதினைந்து வருடம் கழித்து வந்த வார்த்தை அது. அக்கா கோட்டை மறுபடியும் கம்பத்தில் மாட்டி, சுருக்கத்தை நீவி விட்டாள். பிறகு உள்பாடிக்குள் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்து அவர் மூக்குக்கு நேரே காட்டினாள்.

"என்னது அது?"

"லைசென்ஸு. உனக்குத் தெரியாம ரெண்டு தடவ புதுப்பிச்சிருக்கேன். இன்னும் நாலு வருஷம் செல்லும். சாவியக் குடு."

சாவியைக் கொடுத்தார். அவள் டிரைவர் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். அத்தான் தடவித் தடவி ஏறி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

அப்போது பனைமரங்களுக்குள்ளிருந்து ஒரு ஆள் கூடையோடு ஓடிவந்து கை காட்டினார். பனம்பழம் பொறுக்கி விற்கிறவர். அத்தானுக்கு அது தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது.

"என் கோட்ட எடுத்துட்டுப் போயிடாதீங்கம்மா!" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "அது எங்கயும் போக வேணாம். நான்தான் ஆகுவாஸ் துல்செஸ் போகணும்."

அது லா பலோமாவுக்கு அப்பால். அக்கா திரும்பி அத்தானைப் பார்த்தாள். "கண்டக்டர், பயணி நிக்கிறாரு. என்ன பாத்துக்கிட்டிருக்க?"

அத்தான் நிமிர்ந்தார். கதவை இழுத்துத் திறந்து, தொண்டையைக் கனைத்து, "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால இடம் இருக்கு!" என்றார். பழக்காரர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார், ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும்தான் இருந்தன. மரியாதையாகப் போய்க் கட்டிலின் கோடியில் உட்கார்ந்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நகரவில்லை.

"எடு" என்றார் அத்தான்.

"கண்டக்டர் தட்டாம எந்த டிரைவர் எடுப்பான்?" அக்கா செல்லாக்காசைப் பின்பக்கமாக நீட்டினாள்.

அவர் அதைத் தேடி வாங்கி, கம்பியைத் தேடிப் பிடித்து, இரண்டு தட்டு தட்டினார்.

அக்கா நேரே லா பலோமாவுக்குள் போனாள். பழைய ஸ்டாண்டை ஒரு சுற்று சுற்றி, நிற்காமல், ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள். டிக்கெட் ஜன்னலில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்களாம். பிறகு வடக்கே திரும்பினாள், அவர்கள் இரண்டு பேரும் பார்த்திராத சாலையில்.

இனி மாத்தே ஊற்ற வேண்டியது அத்தான். ஐயோ, அந்தக் கண்ராவியை ஏன் கேட்கிறீர்கள்! வெந்நீரை இலையின்மேல் முழுக்கக் கொட்டி, குழலை ஆட்டி, பாதியைத் தன் கால்சட்டையில் ஊற்றிக்கொண்டு நீட்டினார். அக்கா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "பாத்திரம் கழுவின தண்ணி" என்றாள். பழக்காரருக்கும் ஒரு சுற்று கிடைத்தது. அவர் நல்ல மனுஷர், விழுங்கிவிட்டு, "சூடா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

"கடல் எந்தப் பக்கம்?" என்று அத்தான் கேட்டார்.

"வலது கைப் பக்கம். மணல்மேடு பெருசு பெருசா இருக்கு. மேல ரெண்டு மாடு நிக்குது. ஒண்ணு உன்ன மாதிரியே, ஒரு வேலையும் செய்யாம தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்குது."

"அந்த மாடு வாழ்க" என்றார் அத்தான். பழக்காரர் சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்து, கட்டிலெல்லாம் பழம். ஆகுவாஸ் துல்செஸ்ஸில் இறங்கும்போது அதில் பாதியை விட்டுவிட்டுப் போனார். நல்ல கடல்பாசிப் பணியாரம் போடும் கடையையும் காட்டிவிட்டுப் போனார். அங்கே அத்தான் பதினாறு பணியாரம் தின்றார். நாக்குக்குக் கண்ணாடி தேவையில்லையே!

ஊருக்குத் திரும்பும்போதும் அக்காதான் ஓட்டினாள், வட்டப் பாலத்தில் நாலு சுற்று சுற்றினாளாம். ஜூனில் அத்தானுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று என்னைப் பார்த்து, "சுல்மா, உனக்கு எப்ப இவ்வளவு சுருக்கம் விழுந்துச்சு?" என்று கேட்டார். இப்போது லைசென்ஸும் கையில் இருக்கிறது. சாவி மட்டும் அக்காவிடம் இருக்கிறது.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்பேன், அவளும் சலிக்காமல் சொல்வாள். ஐந்து மணிக்கு பார்ரா தெல் சுயி போய்ச் சேர்ந்தார்கள். தார்ச்சாலை முடிந்து மணல் ஆரம்பிக்கும் இடத்தில், கடலைப் பார்க்க வேனை நிறுத்தினாள். நல்ல வெயில். பக்கத்துக் கரை பிரேசில். அதற்கு மேல் போக எங்கள் நாட்டில் இடமில்லை. எஞ்சினை அணைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பாமலே, டிரைவர் குரலில் சொன்னாள்:

"கடைசி ஸ்டாப்புங்க. எல்லாரும் இறங்குங்க."

பின்னால் அத்தான் செல்லாக்காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"யோவ், உன்னத்தான். இறங்கு."

"எனக்கு இறங்க மனசில்ல" என்றார் அத்தான்.